எங்கள் மைதானத்தில் யாருக்கும் இழுப்பு இல்லை

பி.டி. டீச்சர் வேலை என்றால் பிள்ளைகளை ஓட வைக்கிற வேலை என்று நினைத்துக்கொண்டுதான் நானும் சேர்ந்தேன். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அதில் பாதி, தங்களால் ஏன் ஓட முடியாது என்று பிள்ளைகள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிற வேலை. கால் சுளுக்கு, வயிற்று வலி, சப்பாத்து நனைந்துவிட்டது, நேற்று ராத்திரி கோயில் திருவிழா, இன்றைக்கு அம்மா விரதம். அம்மா விரதம் இருந்தால் மகன் ஏன் ஓடக் கூடாது என்று கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்கள். வெயிலில் விசிலும் கையுமாக நின்ற யாருக்கும் இதையெல்லாம் நான் விளக்கத் தேவையில்லை. நீங்களும் பட்டிருப்பீர்கள்.

எங்கள் பள்ளிக்கூடம் இலங்கையின் மாத்தளைப் பக்கம், ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற ரோட்டில் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்து லயங்களில், வரிசையாக ஒட்டிக் கட்டின ஒற்றையறை வீடுகளில், வளர்கிற பிள்ளைகள்தான் அதிகம். மைதானம் என்று நாங்கள் சொல்வது மலையைச் செதுக்கி எடுத்த ஒரு சமதரை. பந்தைக் கொஞ்சம் பலமாக அடித்தால் கீழே தேயிலைக்குள் போய்விடும். மூடுபனி இறங்குகிற நாட்களில் நூறு மீட்டரில் யார் முதலாவது என்பது, அந்தப் பிள்ளை என் மேல் வந்து மோதும்போதுதான் எனக்குத் தெரியும். பதினைந்து வருடத்துக்கு மேலாக இங்கேதான் விசில் ஊதுகிறேன்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா கூடிப்போச்சாமே, எங்க காலத்துல இப்படி இல்லையே" என்று என்னிடம் கேட்காத ஆள் கிடையாது. எங்கள் பக்கத்தில் அதற்குப் பேர் இழுப்பு. எனக்குத் தெரிந்த பதில், தர்ஷினி என்கிற பிள்ளையின் கதையில்தான் இருக்கிறது. அவள் தொடர்ந்து ஓடுவாளா, இல்லை ஓட்டத்தை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவாளா என்று இந்த வருடம் பூராவும் நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தேன். ஆனால் அவளிடம் வர முன்னால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

விசில் யாரிடம்?

நான் வந்த புதிதில், முதல் வேலையாக ஏழாம் தரத்தை வரிசையாக நிறுத்தி, "யாருக்காவது இழுப்பு இருக்கா?" என்று கேட்டேன். அப்படிக் கேட்கத்தான் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். ஒரு கை எழும்பவில்லை. எட்டாம் தரத்திலும் இல்லை, ஒன்பதிலும் இல்லை. மலைக்காற்றில் வளர்கிற பிள்ளைகள், நோய் எப்படி அண்டும் என்று நான் பூரித்துப் போனேன். வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லவும் செய்தேன்.

அந்த வாரமே மைதானத்தை இரண்டு சுற்று ஓட விட்டேன். ஓடி முடித்து எல்லாரும் முழங்காலில் கை ஊன்றி நிற்கும்போது, எங்கேயோ மெல்லிசாக ஒரு விசில் சத்தம். என் விசில் என் கழுத்தில் தொங்குகிறது. எவனோ ஒருத்தன் விசில் கொண்டுவந்து புது டீச்சரைக் கிண்டல் பண்ணுகிறான் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒவ்வொருத்தனாகக் காற்சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு போனேன். சசிகுமார் என்று ஒரு ஒல்லிப் பையன், உதடு வெளுத்துப்போய் நின்றான். அவன் பையில் இரண்டு கொய்யாக்காய்தான் இருந்தன. சத்தம் அவன் நெஞ்சுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

என் கோபம் போன இடம் தெரியவில்லை. அவனைச் சுவரோரம் உட்கார வைத்து முதுகைத் தடவினேன், சுடுதண்ணீர் வாங்கிக் குடுத்தேன், தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு திரும்பியது. அது திரும்பும் வரை எனக்கும் மூச்சு ஒழுங்காக இல்லை. அவன் உதட்டில் நிறம் வந்த பிறகு, "இழுப்பு இருக்கான்னு அன்னைக்குக் கேட்டேனே, ஏன்டா கையைத் தூக்கல?" என்றேன். ஒன்றும் தெரியாத டீச்சருக்கு எடுத்துச் சொல்கிற பொறுமையோடு அவன் சொன்னான்: "இது இழுப்பு இல்லைங்க டீச்சர், பீனிசம். எங்க லயத்துல எல்லாருக்கும் இருக்கு."

லேசான வேலை

பீனிசம் என்றால் ஓயாமல் மூக்கு ஒழுகுகிற தடிமல். நெஞ்சிலிருந்து வருகிற எல்லாவற்றையும் அதற்குள் போட்டு மூடி வைத்திருந்தார்கள். சில வருடம் கழித்து, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைப் பரிசோதிக்க வந்த டொக்டர் ஒருவர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்து அந்த மூடியைத் திறந்தார். அதோடு எங்கள் பள்ளிக்கூடத்தில் இழுப்புக்காரர் என்று ஒரு தனிச் சாதி உருவானது. அவர்களை ஓடச் சொல்லக் கூடாது, பாரம் தூக்கச் சொல்லக் கூடாது. சும்மா உட்கார வைத்தால் மற்றப் பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். ஆகவே, பிள்ளைகளை இல்லம் இல்லமாகப் பிரித்து நடத்துகிற இல்ல விளையாட்டுப் போட்டிக்கு அவர்களுக்கு ஏதாவது லேசான வேலை கொடுக்கும்படி அதிபர் சொன்னார். ஓடாத பிள்ளைகளுக்கு எங்கள் பக்கத்தில் வழக்கமாகக் கொடுக்கிற வேலைதான். மைதானத்துக்குக் கோடு போடுவது.

கோடு என்றால் சுண்ணாம்புத் தூள். முதலில் ஈர்க்குமாற்றால் மைதானத்தைக் கூட்ட வேண்டும். பிறகு மூட்டையை அவிழ்த்து வாளியில் கொட்டி, கட்டிகளை உடைத்து, தேங்காய்ச் சிரட்டையால் அள்ளி, கட்டின கயிற்றோரமாகத் தூவிக்கொண்டே போக வேண்டும். எங்கள் இழுப்புக்காரர் இதற்கு முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். விளையாட்டுப் போட்டியில் அவர்களுக்கும் ஒரு பங்கு கிடைத்துவிட்டதே. மத்தியானத்துக்குள் முகம் முழுக்க வெள்ளையடித்துக்கொண்டு, ஆளாளுக்கு இருமிக்கொண்டு நின்றார்கள். இவ்வளவு நோயோடும் எப்படி வேலை செய்கிறார்கள் பாருங்கள் என்று நாங்கள் டீச்சர்மார் கூடி நின்று மெச்சினோம்.

முதலுதவிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் மிஸ்ஸி வந்திருந்தார். வயதான சிங்களப் பெண், தமிழ் நன்றாகப் பேசுவார். இந்தப் பிள்ளைகள் யார், ஏன் இப்படி இருமுகிறார்கள் என்று கேட்டார். நான் பெருமையாகவே விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், பிள்ளைகளின் வெள்ளை முகத்தைப் பார்த்தார். பிறகு, சத்தம் போடாமல், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்: "டீச்சர், இவங்கள ஓட வேணாம்னு சொன்னது மூச்சு முட்டும்னு தானே. அப்ப இந்த வாளிய ஓடுற பிள்ளைங்க கையில குடுங்க."

பலா மரத்தடி

வாளி கை மாறியது. லேசான வேலையும் போய்விட்டதால் இழுப்புக்காரர் மைதானத்தோரத்துப் பலா மரத்தடிக்குக் குடிபெயர்ந்தார்கள். நல்ல நிழல், உட்காரக் கல், பேச ஆள். வெயிலில் ஓடிக்கொண்டிருந்த மற்றப் பிள்ளைகள் அதை ஏக்கத்தோடு பார்த்தார்கள். பார்த்ததன் பலன், விடுமுறை முடிந்து அடுத்த தவணை தொடங்கியதும் தெரிந்தது. நாலைந்து பேராக இருந்த மரத்தடிக் கூட்டம், கல் போதாமல் வேரிலும் உட்காருகிற அளவுக்கு வளர்ந்தது. கோலைக் கை மாற்றி ஓடுகிற அஞ்சலோட்டத்துக்கு நாலு பேர் தேறாமல் மூன்று பேரோடு திண்டாடின இல்லமும் இருந்தது. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் என்றால் மரத்தடி நிரம்பிவிடும். கிரிக்கெட் மட்டையைக் கண்டால் காலியாகிவிடும்.

இவர்களில் யாருக்கு உண்மையில் இருக்கிறது, யார் நிழலுக்கு வந்தவர் என்று கண்டுபிடிப்பதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது. அதட்டி எழுப்பவும் பயம். ஒருத்தனை எழுப்பி ஓடவிட்டு, அவனுக்கு உதடு வெளுத்தால் யார் பதில் சொல்வது? ஒரு விஷயம் மட்டும் பழகப் பழகப் பிடிபட்டது. உண்மையிலேயே இழுப்பு உள்ள பிள்ளை மரத்தடியில் சத்தமே இல்லாமல் ஓரமாக இருக்கும். இருமிக் காட்டுவது கிடையாது. இருமிக் காட்டுகிறவர்களைத்தான் நான் ஓடவிட்டேன், அவர்களில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எங்கள் கணிதப் பாட ஆசிரியர் நஸீர் சேர், மாத்தளை டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர், என் பாடு எல்லாவற்றையும் ஸ்டாஃப் ரூம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் தேநீரோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆறுதல் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "டீச்சர், ரெண்டாம் பாடத்துல ஒங்களுக்கிட்ட மூச்சு இல்லாம கெடந்த புள்ளைகள், மூணாம் பாடத்துல எனக்கிட்ட வந்து போடுற சத்தத்துக்கு, எனக்குத்தான் இழுப்பு வரப்போகுது."

சாமிக்கு முன்னால் வைத்தது

கொரோனா முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது மரத்தடியில் ஒரு ஈ காக்கை இல்லை. யாராவது இருமினால் பக்கத்தில் இருப்பவன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த வாங்குப் பலகைக்குப் போகிற காலம் அது. பிள்ளைகள் இருமலை விழுங்கப் பழகியிருந்தார்கள். யாருக்கும் இழுப்பு இல்லை என்கிற நான் வந்த காலத்து நிலைமை திரும்பி வந்துவிட்டது. இந்த முறை நான் யாருக்கும் போன் பண்ணிச் சொல்லவில்லை.

அந்தப் பயம் மெல்ல மெல்லக் குறைந்த பிறகு, பம்ப் வெளியே வரத் தொடங்கியது. வாயில் வைத்து அமுக்கி, மருந்தை உள்ளுக்கு இழுக்கிற நீலப் பம்ப். இப்போது பத்தாம் தரத்தில் இருக்கிற கிஷோர்தான் அதை ஒளிக்காமல் மேசை மேல் வைத்த முதல் பிள்ளை. அதற்காகவே அவனை எனக்குப் பிடிக்கும். இந்த வருட இல்லப் போட்டிக்கு முந்தின வாரம் மைதானத்துக்குப் போகிறேன், ஓட்டத்துக்குப் பேர் கொடுத்த பையன்கள் அத்தனை பேரும் வரிசையில் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறார்கள். கிஷோர் வாய் வாயாகப் பம்பை அமுக்கிக்கொண்டு போகிறான். அதை அடித்தால் கால் தரையில் படாமல் ஓடலாம் என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு. வரிசையில் நின்றவர்களில் ஒருத்தனுக்கும் நெஞ்சில் ஒரு குறையும் இல்லை. பம்பைப் பிடுங்கிக் குலுக்கிப் பார்த்தேன். காலி.

"உனக்கு இப்ப வந்தா என்னடா பண்ணுவ?" என்று கத்தினேன். மருந்தை யாராவது இப்படி ஊருக்கு வாரி இறைப்பார்களா என்று கேட்டேன். கிஷோர் அழவில்லை, பயப்படவும் இல்லை. நான் எதற்குக் கோபப்படுகிறேன் என்றுதான் அவனுக்கு விளங்கவில்லை. "அம்மா இதை சாமிக்கு முன்னால வச்சு, விபூதி பூசிக் கும்பிட்டுத்தான் குடுத்து விட்டாங்க டீச்சர். சாமிகிட்ட வச்சு எடுத்ததை நான் மட்டும் எப்புடி வச்சுக்கிறது?"

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்

அந்தக் காலிப் பம்ப் கிஷோரைவிட இன்னொரு பிள்ளையை அதிகமாகப் பாதித்தது என்பது மறுநாள்தான் தெரிந்தது. தர்ஷினி கிஷோரின் வகுப்புத்தான். எண்ணூறு மீட்டரில் எங்கள் பள்ளிக்கூடத்தில் அவளைப் பிடிக்க ஆண் பிள்ளைகளாலும் முடியாது. வலயப் போட்டியில் தெரிவானால் மாகாணப் போட்டிக்குப் போகலாம். மாகாணத்தில் நன்றாக ஓடினால், விளையாட்டுக்காகப் பிள்ளைகளை எடுக்கிற, ஹொஸ்டல் உள்ள ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புப் படிக்கலாம். இது என் கனவு இல்லை, அவளே விசாரித்து வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னது. எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து மாகாணத்துக்குப் போனவர் இதுவரை ஒருவரும் இல்லை.

ஓடி முடித்தால் அவள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விடுவாள். தாகம் என்று நினைத்திருந்தேன். அன்றைக்குக் கிஷோர் என்னிடம் ஓடி வந்து, "டீச்சர், தர்ஷினி பம்பு கேக்கிறா, என்கிட்ட இல்ல" என்றான். அப்போதுதான் விளங்கியது, ஒவ்வொரு நாளும் இவனுடைய பம்பைத்தான் அவள் அங்கே ஒளிந்து அடித்திருக்கிறாள். தொட்டிக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு, தோள் இரண்டும் காதைத் தொடுகிற மாதிரி உயர்ந்து, ஒரு சொல் பேச முடியாமல் நின்றாள். நஸீர் சேர் ரோட்டில் இறங்கி ஒரு ஆட்டோவை மறித்தார். ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி மருந்துப் புகை கொடுத்தார்கள். அவள் நெஞ்சு மெதுவாக இறங்கத் தொடங்கியதைப் பார்த்துவிட்டு நான் வெளியே போய் நன்றாக அழுதேன். திரும்பி வந்தபோது அவள் முகமூடியை விலக்கிவிட்டு முதலில் சொன்னது, அம்மாவுக்குச் சொல்லாதீர்கள் என்பதுதான். சின்ன வயதில் இரண்டு முறை இப்படி வந்திருக்கிறது. இன்னொரு முறை வந்தால் ஓட்டமே கிடையாது என்று அம்மா சொல்லி வைத்திருக்கிறார்.

சொல்லாமல் இருக்க முடியுமா? ஆள் அனுப்பினேன். அவள் அம்மா புஷ்பராணி, கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர், இடுப்பில் கட்டின படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. மகளின் தலையைத் தடவிக்கொண்டு நின்றார். கிளினிக்கில் காட்டிப் பம்ப் எடுத்தால் இவள் ஓடலாம் என்று நான் சொன்னபோதுதான் நிமிர்ந்து பார்த்தார். "பம்பெல்லாம் வேணாங்க டீச்சர். அது பழகிட்டா அப்புறம் அது இல்லாம மூச்சே வராது. ஓட்டத்தை நிப்பாட்டிட்டு மெதுவா நடந்தான்னா, இழுப்பு அது பாட்டுக்கு அடங்கிரும்."

அடுப்பும் மழையும்

நான் புஷ்பராணியோடு ஒரு ஒப்பந்தம் போட்டேன். மாத்தளையில் ஒரே ஒரு நாள் கிளினிக்குக்கு வாருங்கள், டொக்டர் ஓட வேண்டாம் என்று சொன்னால் நானே அவள் பேரை வெட்டிவிடுகிறேன் என்றேன். அவர் யோசித்துவிட்டுச் சரி என்றார். சொன்ன பிறகுதான் யோசித்தேன். டொக்டர் உண்மையிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

டொக்டர் ஒரு இளம் பெண். சிங்களமும் தமிழும் கலந்து பேசினார், நாங்களும் அப்படியே பேசினோம். தர்ஷினியை ஊதச் சொன்னார், நெஞ்சில் குழல் வைத்தார், வீட்டைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா என்றதற்கு, யாருக்கும் இல்லை என்றார் புஷ்பராணி. அடுப்பு எங்கே என்றதற்கு, லயத்துக் காம்பராவில் பிள்ளை படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில், விறகடுப்பு என்றார். டொக்டர் இரண்டு பம்ப் எடுத்து மேசையில் வைத்தார். காலையும் மாலையும் பிரவுண் நிறம், வராமல் தடுக்க. ஓடப் போக முன்னால் நீலம். பழகிவிடாதா என்று புஷ்பராணி கேட்டதற்கு, கண்ணாடி போடுகிறவர் கண்ணாடிக்குப் பழகினால் என்ன நஷ்டம் என்று டொக்டர் திருப்பிக் கேட்டார். அப்போ ஓடலாமா என்று நான் கேட்டேன். "ஓடட்டும், நல்லா ஓடட்டும்" என்றார். மேசையைச் சுற்றிப் போய் அவரைக் கட்டிப்பிடிக்காமல் இருந்ததற்கு என் வயதுதான் காரணம்.

திரும்பி வருகிற பஸ்ஸில் தர்ஷினி ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். புஷ்பராணி மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் வாயை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தார். இவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் அலுமாரிக்கு மேல் தூக்கி வைத்துவிடுவாரோ என்று எனக்குச் சந்தேகம். ரத்தோட்டை தாண்டி மழை பிடித்தது. பஸ் கண்ணாடியை இழுத்து மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார், முகத்தில் ஒரு சிரிப்பு ஒளிந்திருந்தது, எனக்கு அப்பாடா என்றிருந்தது. "அடுப்பை வெளியில வைங்கன்னுட்டாங்க டொக்டரம்மா. சரி, வச்சிர்றேன். இந்த மழைய எங்க வைக்கிறதுன்னு சொல்லாம விட்டுட்டாங்களே."

கம்பிவேலி ஓரம்

லயத்தின் பின்பக்கம் இரண்டு தகரம் அடித்து அடுப்பு வெளியே போனது. பிரவுண் பம்பைக் காலையும் மாலையும் மகள் அடிக்கும் வரை பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வதாகப் புஷ்பராணி சொல்லி அனுப்பினார். தர்ஷினி தொட்டிப் பக்கம் போவதை நிறுத்தினாள். எல்லார் முன்னாலும் நீலப் பம்பை இரண்டு முறை இழுத்துவிட்டு ஓடினாள். அவளைப் பார்த்து, இதுவரை வாய் திறக்காத இன்னும் சில பிள்ளைகள் எங்களுக்கும் இருக்கிறது டீச்சர் என்று வந்து நின்றார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு, எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரே தவணையில் ஆஸ்துமா பரவிவிட்டது போலத்தான் இருந்திருக்கும்.

வலயப் போட்டி மாத்தளை மைதானத்தில். புஷ்பராணி லீவு போட்டுவிட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். மகள் ஓடுவதை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எண்ணூறு மீட்டரில் முதல் இரண்டு பேருக்குத்தான் மாகாணம். முதல் சுற்று முடியும்போது தர்ஷினிக்கு முன்னால் நாலு பேர். நான் விசிலைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசி வளைவில் ஒருத்தியைத் தாண்டினாள், பிறகு இன்னொருத்தியை. கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் மூன்றாமவளையும் தாண்டி, இரண்டாவதாக வந்து விழுந்தாள். நான் ஓடிப் போய் அவள் நெஞ்சில் காதை வைத்தேன். சுத்தமாக இருந்தது. வியர்வையோடு சிரித்துக்கொண்டு, அம்மா எங்கே என்று கேட்டாள்.

அம்மா கம்பிவேலி ஓரத்தில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசி நூறு மீட்டரும் வேலிக்கு வெளியே மகளோடு சேர்ந்து கத்திக்கொண்டே ஓடியிருக்கிறார். தோள் இரண்டும் காதுக்கு ஏறியிருந்தது. பேச முடியவில்லை. தர்ஷினிதான் பம்போடு போய் முன்னால் குந்தினாள். "வாயைத் தொற. நான் அமுக்கிறப்ப இழு. இப்ப அடக்கு. விடு" என்றாள். அவர் சொன்னபடி செய்தார். இன்னொரு முறை. இன்னும் ஒரு முறை. கொஞ்ச நேரத்தில் தோள் இறங்கியது, முகத்தில் உயிர் வந்தது, நாங்கள் மூன்று பேரும் அந்த வேலியோரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டோம்.

எவ்வளவு காலமாக என்று கேட்டேன். புஷ்பராணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இவ வயசுலேருந்தே இருக்கு டீச்சர். இழுப்புன்னு தெரிஞ்சா மலைல அரைப் பேரு போட்டு பாதிச் சம்பளந்தான் குடுப்பாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல, இவ அப்பாகிட்டகூட. ஏத்தத்துல மெதுவாப் போவேன். கேட்டா கால் வலின்னுருவேன்." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தர்ஷினி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த பம்பைத் துடைத்து, மூடி போட்டு, தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். "அடுத்த கிளினிக்குக்கு நீயும் வந்து உனக்கு ஒண்ணு வாங்கிக்க. இது எனக்கு மாகாணத்துக்கு வேணும்."

ஆகவே, பிள்ளைகளுக்கு இப்போது ஆஸ்துமா கூடிவிட்டதா என்று இனி யாராவது என்னிடம் கேட்டால், முதலில் உங்கள் வீட்டில் கால் வலி என்று சொல்லிக்கொண்டு ஏற்றத்தில் மெதுவாக நடக்கிறவர் யார் என்று பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவதாக இருக்கிறேன்.